'ஓ' எழுத்துக்கு மூணு பூச்சு

...இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், பொழுது விடியறதுக்கு முன்னாடி திருடன் மாதிரி வந்து நடு ரோட்டுல குந்திக்கிட்டு தார் பூசறியே, இது நியாயமா? ஏம்ப்பா, உன்னத்தான்! நான் பாட்டுக்கு கத்தறேன், நீ பாட்டுக்கு பிரஷ்ஷ முக்கி முக்கி எடுக்கற. ஐயையோ, முதல் எழுத்து போச்சே! கொழுத்த பசுமாடு படுத்த மாதிரி எவ்வளவு அம்சமா இருந்துச்சு அந்த 'ஜி'... நிறுத்துப்பா! நிறுத்துன்னா நிறுத்தணும்!

முனிசிபாலிட்டி ஆளுதானே? கோட்டப் பாத்தாலே தெரியுது. வேலைக்குப் புதுசா? அதான பாத்தேன். பழைய ஆளா இருந்தா இந்த வளைவுல கை வெக்கறதுக்கு முன்னாடி என் கடைக்கு வந்து ஒரு காப்பி குடிச்சுட்டு, "இர்மாம்மா, இப்படி உத்தரவு வந்திருக்கு"ன்னு சொல்லியிருப்பான். நான்தான் இர்மா. அதோ பார், பச்சைக் கதவு, மேல சேவல் படம் போட்ட போர்டு, அது என் கடை. பீரு, காப்பி, சனிக்கிழமையானா முயல் கறி. அதவிட முக்கியம், ஜீனோ வோஸ்டைன் ரசிகர் மன்றத்துக்கு நான்தான் தலைவி. மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து நான்தான். என்ன எதிர்த்து ஒருத்தரும் நின்னதில்ல. நிக்கச் சொல்லு பாப்போம்!

நீ இப்ப அழிக்கறியே, 'ஜி', 'ஐ', 'என்', 'ஓ'ன்னு நாலு எழுத்து, அது அந்த ஜீனோவோட பேரு. நம்ம ஊருப் பையன். சைக்கிள் வீரன். இந்த ஃப்ளாண்டர்ஸ்ல நீ எந்த ஊருக்கு வேணா போ, ரேஸ் வர்ற பாதையில சொந்த ஊரு வீரன் பேர எழுதாத ரோடு உண்டா? மாதா கோயில் இல்லாத ஊரு கூட இருக்கும்ப்பா, பேரு எழுதாத மேடு இருக்காது. தலையாட்டற. சந்தோஷம். அப்ப பிரஷ்ஷ கீழ வை.

வெக்க மாட்ட. சரி. நானும் நகர மாட்டேன். இந்தா, இந்தக் கடைசி எழுத்துக்குள்ள நின்னுட்டேன். இந்த 'ஓ'வுக்கு நட்ட நடுவுல. வீட்டுச் செருப்போட வந்துட்டேன், குளுருதுதான், இருந்தாலும் நிப்பேன். ஒரு பொம்பள மேல தார் பூசிட்டான்னு பேப்பர்ல வரட்டும்.

யாரு அனுப்பினா? மேயர்தானே? சொல்லு... வாயத் தொறக்க மாட்டேங்கற. எனக்குத் தெரியாதா? மேயர் பீர் குடிக்கற இடம் எது? எதிர்க் கடை. மோரிஸ் கடை. அந்த மோரிஸ் எந்த வீரனுக்கு மன்றம் வெச்சிருக்கான்? ஜீனோவுக்கு எதிரா ஓட்டறவனுக்கு. முடிச்சு எங்க இருக்குன்னு தெரியுதில்ல?

அதுவும் என்ன நேரம் பாத்து! வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸுப்பா! இந்த எழுபத்தி நாலாம் வருஷத்துக்கே அதான் கடைசி ரேஸ். இதே பாதை, இதே இறக்கம், இதே வளைவு. பத்து தடவை சுத்தி வருவானுங்க. ஜீனோவுக்கு செப்டம்பர்ல உடைஞ்ச தோள்பட்டை எலும்பு இப்பத்தான் கூடியிருக்கு. அடுத்த வருஷத்துக்கு அவனுக்குச் சம்பளம் கொடுத்து ஓட்ட வெக்கற கம்பெனி இல்ல. தெரியுமா உனக்கு? இந்த வருஷத்துக் கம்பெனி மூட்டை கட்டிட்டான். ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. நல்லா ஓட்டினா சேத்துக்குவாரு. இல்லேன்னா ஜீனோ அவங்கப்பன் பேக்கரியில ரொட்டி சுடப் போக வேண்டியதுதான். வாழ்வா சாவான்னு ஒருத்தன் இந்த வளைவுல திரும்பறப்போ, கீழ தன் பேரப் பாத்தா எவ்வளவு தெம்பா இருக்கும்! அத அழிக்கறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?

இப்ப 'ஐ'யும் போச்சு. பேசிக்கிட்டு இருக்கறப்பவே அழிக்கற நீ. கெட்டிக்காரன்தான்.

கேளுப்பா, நான் ஏன் இவ்வளவு வேகமா பேசறேன்னா, இந்த வருஷம் அந்தப் பையனுக்கு உலகமே சேர்ந்து பண்ணின அநியாயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் தோத்தான் தோத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் எங்க தோத்தான்? விட்டாத்தானே ஜெயிக்கறதுக்கு!

முதல்ல இந்த எண்ணெய். அரபு நாட்டு ஷேக்குங்க போன குளிர்காலத்துல குழாய மூடினாங்களா? ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக் கூடாதுன்னு நம்ம கவர்மென்ட் சட்டம் போட்டுச்சா? ஊரே புலம்பிச்சு. நான் மட்டும் கோயிலுக்குப் போய் ஷேக்குங்க பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். பொய் சொல்லல. பெரிய ரோட்டுல ஒரு கார் கிடையாது! ஜீனோ நடு ரோட்டுல ராஜா மாதிரி பயிற்சி பண்ணினான். எதிர்ல வந்தது ரெண்டு குதிரை வண்டியும் ரோலர் ஸ்கேட் போட்ட பாதிரியாரும்தான். அட, இந்த வருஷம் நம்ம பையனுக்குன்னே கடவுள் ரோட்டக் காலி பண்ணிக் கொடுத்திருக்காருன்னு நெனச்சேன்.

ஆனா பாரு, ஜீனோவோட கம்பெனி என்ன கம்பெனி? பிளாஸ்டிக் வாளி! பிளாஸ்டிக் எதுலேருந்து வருதாம்? எண்ணெய்லேருந்து! எனக்கு யாரு சொன்னா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா மெழுகுவத்தியத் திருப்பி எடுத்திருப்பேன். வாளி விலை ஏறிப்போச்சு, எவனும் வாங்கல, முதலாளி கைய விரிச்சுட்டான். "இந்த சீசனோட சரி"ன்னு பிப்ரவரியிலயே சொல்லிட்டான். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே!

அப்புறம் மார்ச்சுல எலெக்‌ஷன். கம்பத்துக்குக் கம்பம் நான் ஒட்டின ஜீனோ படத்து மேல கட்சிக்காரங்க மூஞ்சிய ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஏப்ரல்ல, பிரான்ஸ்ல ஒரு ரேஸ், அந்தக் கல்லு பாவின ரோட்டு ரேஸ் இல்ல, சின்னது. ஜீனோ பதினோராவது! சிரிக்காத. நூத்தி அறுபது பேருல பதினோராவதுன்னா லேசா? பேப்பர்ல படம் போடறோம்னு சொல்லியிருந்தாங்க. நான் விடியக் காலையில போய் இருபது பேப்பர் வாங்கிட்டேன். பிரிச்சுப் பாத்தா... அந்த வாரம் பாத்து பிரான்ஸ் ஜனாதிபதி செத்துப்போயிட்டாரு! முதல் பக்கம் அவரு, ரெண்டாம் பக்கம் அவரு, விளையாட்டுப் பக்கத்துல கூட அவருக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்னு எழுதியிருக்கானுங்க. பாவம், நல்ல மனுஷன்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கலாம்.

கொஞ்சம் தள்ளி ஊத்துப்பா, தார் என் செருப்புல படுது.

அந்த மாசக் கடைசியில போர்ச்சுகல். ஜீனோ டீம்ல ஒரு போர்ச்சுகல்காரன் இருந்தான். தங்கமான பையன். வேலையே என்னன்னா, பின்னாடி வர்ற கார் வரைக்கும் போய் ஜீனோவுக்குத் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றது, காத்து அடிச்சா முன்னாடி போய் அத மறைச்சுக் கொடுக்கறது. அவன் ஊர்ல என்னமோ புரட்சியாம். ராணுவக்காரன் துப்பாக்கிக்குள்ள பூவச் சொருகி வெச்சிருக்கானாம். இந்தப் பய ரேடியோவுல கேட்டான், சைக்கிள ஓட்டல் சுவத்துல சாத்தினான், அழுதான், சிரிச்சான், ரயில் ஏறிட்டான்! சுதந்திரம் வந்துருச்சாம். வரட்டும்ப்பா, வரவேண்டியதுதான். ஆனா தண்ணி யாரு கொண்டு வருவா? அதப் பத்தி அந்த ராணுவத்துல ஒருத்தனாவது யோசிச்சானா?

மே மாசம் இத்தாலி சுத்து. ஆங், இது முக்கியம். இந்த வருஷம் அந்த ரேஸ் எங்கேருந்து கிளம்புச்சு தெரியுமா? வாட்டிகன்லேருந்து! போப்பாண்டவர் ஆசீர்வாதத்தோட! நான் டி.வி. முன்னாடி முட்டி போட்டுட்டேன். என் வீட்டுக்காரரு சிரியல், "என்னடி, சூப் கொட்டிருச்சா"ங்கறாரு. ஆனா யோசிச்சுப் பாரு, அவரு எல்லாரையும் மொத்தமா ஆசீர்வாதம் பண்ணிட்டாரு! மொத்தமா பண்ணினா என்ன பிரயோஜனம்? எல்லாருக்கும் ஒரே அளவு வேகம் கூடிடுச்சு, ஜீனோ இருந்த இடத்துலயேதான் இருந்தான். அந்த வாரமே ஒரு நாள், ஜீனோ முன்னாடி தனியா தப்பிச்சுப் போறான்னு ரேடியோவுல சொல்றான், நான் பீர் குழாயக் கூட மூடாம காத நீட்டிக்கிட்டு நிக்கறேன்... "இப்போது ஒரு முக்கியச் செய்தி." என்னன்னா, இந்தியாவுல பாலைவனத்துக்கு அடியில அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்களாம். வெடிச்சுக்கோப்பா, உன் பாலைவனம், உன் குண்டு. ஒரு கால் மணி நேரம் கழிச்சு வெடிச்சா கெட்டா போயிடும்? செய்தி முடிஞ்சு ரேஸுக்கு வர்றதுக்குள்ள ஜீனோவப் பிடிச்சுட்டாங்க. கடைசி வரைக்கும் என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியாது. அவன் கிட்ட கேட்டேன். "டயர் போச்சு அத்தை"ன்னான். டயராம்! குண்டு வெடிச்ச அதிர்ச்சின்னு நான் சொல்றேன்.

ஆமா, என்ன அத்தைன்னுதான் கூப்பிடுவான். சொந்தம் ஒண்ணும் இல்ல. பேக்கரிக்காரன் பையன், காலையில ரொட்டிக் கூடையோட சைக்கிள்ல வருவான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அடுப்பு கிட்ட உக்காத்தி வெச்சு சாக்லேட் பால் கொடுப்பேன். ஒரு நாள், "அத்தை, மேட்டுல நம்ம தபால்காரர முந்திட்டேன்"னான். தபால்காரரு மொபெட்ல போறவரு! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவனுக்கு ஒரு மன்றம் வேணும்னு.

எங்க விட்டேன்? ஜூன். ஜூன்ல கால்பந்து. உலகக் கோப்பை. நம்ம நாடு அதுல கிடையாதுன்னு உனக்கே தெரியும், ஒரு கோல் கூட வாங்காமலே வெளிய தள்ளினாங்களே, அந்த வயித்தெரிச்சல் இன்னொரு நாள் சொல்றேன். நம்ம டீமே இல்லாத ஆட்டத்த என் கடையில உக்காந்து பாக்கறானுங்க! பிரான்ஸ் சுத்து ரேஸ் வைக்கச் சொன்னா, "இர்மா, ஹாலந்து ஆடுது"ங்கறான். ஹாலந்துக்காரன் ஆடினா உனக்கென்னடா? ஹாலந்துக்காரன் என்னிக்காவது நம்ம கடையில டிப்ஸ் வெச்சிருக்கானா?

பிரான்ஸ் சுத்தே இந்த வருஷம் பிரான்ஸ்ல சுத்தல. கடலத் தாண்டி இங்கிலாந்துக்குப் போச்சு. எதுக்கு? கப்பல் கம்பெனிக்காரனுக்கு விளம்பரம். அங்க என்ன மேடு இருக்கா, கல்லு ரோடு இருக்கா? புதுசாப் போட்ட பெரிய ரோட்டுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட விட்டானுங்க, பால்காரன் குதிரை மாதிரி. ஜீனோவுக்கு அங்க காலையில பீன்ஸ் கொடுத்திருக்கானுங்க. காலையில பீன்ஸ்! சைக்கிள் ஓட்டப் போறவனுக்கு! மூணு நாள் வயிறு சரியில்ல. முதல் வாரத்துலயே வீட்டுக்கு வந்துட்டான். பேப்பர்ல, "வோஸ்டைன் விலகல்"னு போட்டான். பீன்ஸுன்னு போட்டானா?

ஆகஸ்ட்ல அந்த அமெரிக்கா கூத்து. அது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சுது. அந்த ஜனாதிபதி தன் ஆபீசுல தானே மெஷின் வெச்சு, தான் பேசினத தானே டேப்புல பிடிச்சு, கடைசியில அந்த டேப்பாலயே வேலை போச்சாமே! விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரியல் கிட்ட சொன்னேன், "ஏங்க, எதிரி வேணாங்க, தன் கையாலயே தனக்குக் குழி வெட்டிக்கிட்டு, கடைசி வரைக்கும் ஊரு மேல பழி போட்டிருக்கான் பாருங்க, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா"ன்னு. சிரியல் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு புறாவுக்குத் தீனி போடப் போயிட்டாரு. அவரு என்னிக்குப் பேசினாரு? நாள் முழுக்க புறாக் கூண்டுலயே கிடப்பாரு. புறா ரேஸ் விடறாரில்ல.

'என்'ல பாதி போச்சா... நீ ஆள் சரியான அழுத்தம்ப்பா. ஒரு வார்த்தை பேசறியா பாரு.

சரி, செப்டம்பர். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. இதே இடம். நான் அந்த வேலி ஓரமா நிக்கறேன், கையில மன்றத்துக் கொடி. சிரியல் குடை பிடிச்சிருக்காரு. மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. கடைசி சுத்து. முதல்ல மோட்டார் சைக்கிள், அப்புறம் டி.வி. கேமரா வண்டி, அதுக்குப் பின்னாடி ஒருத்தன்... ஒரே ஒருத்தன்... யாரு? ஜீனோ! தனியா வர்றான்ப்பா! பின்னாடி நூறு அடிக்கு ஒரு ஈ காக்கா கிடையாது! ரேஸ் முடியற கோடு இங்கேருந்து மூணு கிலோமீட்டர், அதுவும் இறக்கம். எனக்குக் கத்தவே வரல. நான், இர்மா, எனக்குக் கத்த வரல! அந்தப் புள்ள என்னப் பாத்தான். நிச்சயமா பாத்தான். வளைவுல சாஞ்சான்... இதோ இப்ப நான் நிக்கறேனே, இங்க முன் சக்கரம் வந்துச்சு... சர்ருனு போச்சு. அவ்வளவுதான். சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்னும் கேக்குது. தட்டு கழுவறப்போ கூட கேக்குது.

எல்லாரும் அவனத் தாண்டிப் போனாங்க. ஒவ்வொருத்தனா. கடைசி ஆள் வரைக்கும்.

யாரு காரணம்? மேயர். இந்த ரோட்டுக்கு வாட்டம் எடுத்திருக்கற லட்சணத்தப் பாரு, தண்ணி எங்க நிக்கணுமோ அங்க நிக்காம எங்க நிக்கக் கூடாதோ அங்க நிக்குது. இல்லேன்னா மோரிஸ், ராத்திரியோட ராத்திரியா எண்ணெய் ஊத்தியிருப்பான். இல்ல, எண்ணெய் விக்கற விலைக்கு அவன் ஊத்த மாட்டான், கஞ்சன். இல்லேன்னா அந்த வாளிக் கம்பெனி, காசு மிச்சம் பிடிக்கறேன்னு தேஞ்ச டயரப் போட்டிருப்பான். எப்படிப் பாத்தாலும் ஷேக்குங்கதான். ஆனா ஜீனோவே சொன்னான்ப்பா. நான் ஓடிப்போய் அவன் தலைய மடியில வெச்சுக்கிட்டேன். முகமெல்லாம் சேறு. என்னப் பாத்துச் சிரிச்சான். அந்த வலியில! "மழை அத்தை, மழை"ன்னான். விழுந்தவனே மழைன்னு சொன்னதுக்கு அப்புறம் வேற என்ன சாட்சி வேணும்?

பிரஷ்ஷால எழுத்த எதுக்குக் காட்டற? பேராலயா விழுந்தான்? யாருப்பா பேரச் சொன்னா? பேருல ஒரு தப்பும் இல்ல. இத்தனை வருஷமா எழுதறேன், என்னிக்காவது ஒருத்தன் விழுந்தானா? என்ன... முன்னாடியெல்லாம் சுண்ணாம்புல எழுதுவேன். ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு பழைய துடைப்பம். முடிஞ்சுது வேலை. ஆனா சுண்ணாம்பு மழையில நிக்குமா? ஏப்ரல்ல இங்க ரேஸ் வந்துச்சு, டி.வி. வந்துச்சு. முத நாள் ராத்திரி பேஞ்ச மழையில என் எழுத்து பூரா கரைஞ்சு சாக்கடைக்குப் போச்சு. நாடே பாக்குது, ஜீனோ சொந்த ஊருல ஜீனோ பேரு இல்ல! மோரிஸ் மட்டும் சிரிக்கறான், அவன் ஆளு பேரு அவன் கூரைக்கு அடியில சுவத்துல இருந்துச்சு. அப்பவே சபதம் எடுத்தேன், அடுத்த தடவை எது வந்தாலும் அழியாத மாதிரி எழுதுவேன்னு.

பெயின்ட் வாங்கலாம்னு போனா விலை ரெண்டு பங்கு! பெயின்ட்டும் எண்ணெய்லேருந்து வருதாம்! இந்த உலகத்துல எண்ணெய்லேருந்து வராதது ஏதாவது இருக்காப்பா, முயலத் தவிர? அதனால... வீட்டுலயே இருந்துச்சு. சிரியல் புறாக் கூண்டுக்குன்னு வாங்கின வெள்ளை பெயின்ட். பளபளன்னு, கண்ணாடி மாதிரி. பெரிய டப்பா, முக்கால்வாசி அப்படியே இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசற மனுஷன் அன்னிக்குன்னு பேசறாரு. "இர்மா, அது வேணாம். அதுல ஈரம் பட்டா புறாவே வழுக்குது, அதான் அடிக்கறத நிறுத்திட்டேன்." எனக்கு வந்துச்சு கோபம். "புறாவுக்கு ரெண்டு காலு, சைக்கிளுக்கு ரெண்டு சக்கரம், ரெண்டும் ஒண்ணாய்யா"ன்னு கேட்டேன். நல்ல காரியத்துக்குப் போறப்போ இப்படியா வாய வெக்கறது? கருநாக்கு. அவரு சொன்னாரு, நடந்துருச்சு.

எழுதினேன். மூணு எழுத்து ஒரே பூச்சுல பளிச்சுனு வந்துருச்சு. இந்த 'ஓ' மட்டும் கொஞ்சம் மங்கலா, ஒரு பக்கம் தொறந்த மாதிரி இருந்துச்சு. டி.வி.யில வேற பேரு மாதிரி தெரிஞ்சா? அதனால ரெண்டாம் பூச்சு. அப்பவும் திருப்தியில்ல. மூணாவது. முகம் பாக்கலாம் அதுல, அப்படி மினுங்குச்சு. மழை வந்துச்சு, ஒரு பொட்டு அழியல! பாரேன், இன்னிக்கு வரைக்கும் எப்படி நிக்குதுன்னு...

ஏன் அப்படிப் பாக்கற?

என்னய்யா, ஏன் அப்படிப் பாக்கற என்ன? வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன். யாரு உன்ன அனுப்பினதுன்னாவது சொல்லு. மேயர்தான்னு சொல்லு, இப்பவே அவரு வீட்டுக் கதவத் தட்டறேன்... என்ன? சத்தமாச் சொல்லு. மேயர் இல்லையா? மோரிஸா? பின்ன யாரு?

...

யாரு? மறுபடி சொல்லு.

ஜீனோவா? எங்க ஜீனோவா?

நேர்லயா வந்தான், ஆபீசுக்கு? உன் கிட்டயேவா கேட்டான்? என்னன்னு கேட்டான்... "அது மேல இன்னொரு தடவை என்னால திரும்ப முடியாது"ன்னா... ஆங்... அப்புறம்? சொல்லுப்பா, நிறுத்தாத. இவ்வளவு நேரம் வாய்ல கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருந்துட்டு இப்ப நிறுத்தாத... "கடை தொறக்கறதுக்கு முன்னாடி போய் அழிச்சிடுங்க. அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம். மழையில போயிருச்சுன்னு நெனச்சுக்கட்டும்"...

அதான் நீ பேசலையா? அவனுக்கு வாக்குக் கொடுத்துட்டியா?

மழையில போயிருச்சுன்னா! மூணு பூச்சு பெயின்ட்டு எந்த மழையிலய்யா போகும்? பைத்தியக்காரப் பய... அப்ப அவனுக்கு அன்னிக்கே தெரியும். மடியில படுத்துக்கிட்டு, எலும்பு உடைஞ்சு, ரேஸ் போயி, கம்பெனி போயி... "மழை அத்தை, மழை." எனக்காகவா சொன்னான்? அதுக்கப்புறம் அவன் கடைப் பக்கமே வரலப்பா. கூச்சப்படறான், தோத்த வெக்கம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன் நான். என் மூஞ்சியப் பாத்தா எங்க வாய் தவறிச் சொல்லிடுவோமோன்னு அந்தப் பக்கமா நடந்து போயிருக்கான்.

ஒண்ணும் இல்ல. தார் நெடி. கண்ணு எரியுது.

கொடு அந்த பிரஷ்ஷ. கொடுன்னா கொடு. நீ அந்த 'என்'ன முடி, உனக்கு அதுக்குத்தான் யோக்யதை. இந்த 'ஓ' என்னோடது. நகந்துட்டேன் பாரு. எங்க பூசணும், எவ்வளவு பூசணும்னு எனக்குத்தான் தெரியும்... இந்த ஓரம் ரொம்பத் தடிமன்... இந்தா, இந்த இடம். இங்கதான் சக்கரம் பட்டுச்சு.

ஆமா, இந்தத் தார் வழுக்காதா? நிச்சயமா? மணல் தூவினா பிடிக்கும்ங்கற. எங்க மணல்? கொஞ்சூண்டு கொண்டு வந்திருக்கியே, உங்க ஆபீசு கஞ்சத்தனம் மோரிஸத் தோக்கடிச்சிரும். பூராத்தையும் போடு. வழுக்காதுன்னு எழுதி வெச்சாலும் நான் நம்ப மாட்டேன். புறா வழுக்குதுன்னு சொன்னப்பவும் நான் நம்பல பாரு, எனக்கு இந்த நம்பற விஷயத்துல அவ்வளவு நல்ல பேரு கிடையாது.

காயட்டும். அதுவரைக்கும் கடைக்கு வா, காப்பி போடறேன். சிரியலையும் எழுப்பறேன். அவரு கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு... புறா விஷயமா.

காஞ்சப்புறம் நீ அந்த வாய்க்கால்லேருந்து ஒரு வாளி தண்ணி மொண்டு இதும்மேல ஊத்து. நல்லா ஊத்து, அன்னிக்குப் பேஞ்ச மாதிரி. அப்புறம் வேலியில சாத்தியிருக்கியே, அந்த சைக்கிளக் கொடு. மேட்டு உச்சியிலேருந்து வந்து இந்த வளைவுல நானே ஒரு தடவை திரும்பிப் பாக்கறேன். பிரேக்கப் பிடிக்க மாட்டேன், அவன் பிடிக்க மாட்டானில்ல.

என்ன சிரிப்பு? ஏறுவேன்ப்பா! எனக்குப் பதினாறு வயசுல சைக்கிள்ல பால் போட்ட காலு இது. ஜீனோ கேட்டா, மழையில போயிருச்சுன்னு அத்தை நம்பிட்டாங்கன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை சொல்லாத.

விழுந்தா? விழுந்தா விழறேன் போ. எனக்கென்ன, ஞாயித்துக்கிழமை ரேஸா இருக்கு?